உப்புக் காத்துக்கு நடுவுல ஒரு பாலம்: சாலையைப் பராமரிக்க உலகம் எப்படிக் கத்துக்கிட்டது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஈ.சி.ஆர். வழியா பைக்லயோ கார்லயோ போகாதவங்க நம்ம கேட்பவர்கள்ல ரொம்பக் குறைவு. மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் தாண்டிப் போனா மரக்காணம் வரும். ரோட்டோரம் கண்ணாடி மாதிரி பாத்தி பாத்தியா தண்ணி, நடுவுல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். எல்லாரும் வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுப்போம். அப்புறம் கிளம்பிடுவோம்.

கிளம்பின கொஞ்ச நேரத்துல ஏதாவது ஒரு பாலம் வரும். பாலத்துல ஏறும்போது வண்டி 'டக்'னு ஒரு குலுக்கு குலுக்கும். இறங்கும்போது இன்னொரு 'டக்'. கவனிச்சிருக்கீங்களா? இன்னைக்கு எபிசோடு அந்த 'டக்'ல இருந்துதான் தொடங்குது.

பாலம் ஆழமான அடித்தளத்துல நிக்குது. அதுக்கு முன்னாடி இருக்கிற சாலை, கொட்டி இறுக்கின மண்ணு மேல நிக்குது. பாலம் இறங்காது, மண் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு படி உருவாகும். அந்தப் படியில லாரி ஏறி இறங்க ஏறி இறங்க, அடி பாலத்தோட இணைப்புக்குத்தான் விழும். இணைப்பு விட்டா மழைத்தண்ணி உள்ள இறங்கும். மரக்காணம் மாதிரி ஊர்ல அந்தத் தண்ணியோட உப்பும் சேர்ந்து இறங்கும்.

ஆரம்பத்துல இது சின்ன வேலை. மண்ணை நிரப்பி, தார் போட்டு, மேடு பள்ளத்தைச் சரி பண்ணிட்டா முடிஞ்சது. பத்து வருஷம் விட்டா பெரிய வேலை. சாலைப் பராமரிப்போட மொத்தக் கதையும் இதுக்குள்ள அடங்கும்.

உப்பு கம்பியை எப்படித் தேடிப் போகுது?

மரக்காணத்தை ஒருமுறை மேப்புல பாருங்க. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கழுவெளி. அந்தப் பெரிய சதுப்பு நிலம் 2021-ல் பறவைகள் சரணாலயமாச்சு, 2024-ல் ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்தது. வடக்கே இருந்து வர்ற பக்கிங்காம் கால்வாய் முடியுறதும் இந்தப் பக்கம்தான். அதாவது கடல், கழிமுகம், கால்வாய், உப்பளம் எல்லாத்துக்கும் நடுவுல சாலை போகுது.

ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். உப்பளத்துல அதையே பாத்தி பாத்தியா மாத்தி வெயில்ல காய வைக்கிறாங்க. டிகிரி பார்க்கிற கருவியில சுமார் 25 காட்டும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். கடல் தண்ணியைவிடப் பல மடங்கு உப்பு அதுல இருக்கு.

இப்ப பாலத்துக்கு வருவோம். கான்கிரீட்டுக்குள்ள இரும்புக் கம்பி ஏன் துருப்பிடிக்கிறதில்ல? கான்கிரீட்டோட காரத்தன்மைதான் காரணம். பி.எச். அளவு 12-க்கு மேல இருக்கும். அந்தக் காரத்துல கம்பி மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகுது. அது இருக்கிற வரைக்கும் கம்பிக்கு ஆபத்து இல்லை.

உப்புல இருக்கிற குளோரைடு, கான்கிரீட்டோட நுண்துளைகள் வழியா மெல்ல மெல்ல உள்ள போகும். கம்பியைத் தொட்டதும் அந்தப் படலத்தை உடைச்சிடும். துரு ஆரம்பிக்கும். இரும்பைவிடத் துருவுக்குச் சில மடங்கு அதிக இடம் வேணும். அதனால அது உள்ள இருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியில நமக்குத் தெரியுறது ஒரு பழுப்புக் கறை, அப்புறம் கம்பி போற திசையில ஒரு விரிசல். அந்த விரிசல் வழியா இன்னும் அதிக உப்பு போகும்.

இங்கதான் ஒரு கணக்கு முக்கியம். கம்பிக்கு வெளியில இருக்கிற கான்கிரீட் கனத்தை 'கவர்'னு சொல்வாங்க. இந்திய சாலைக் காங்கிரஸோட பால விதிமுறையில மிதமான சூழலுக்கு 40 மில்லிமீட்டர், மிக மோசமான சூழலுக்கு 75 மில்லிமீட்டர் கவர் வேணும். ஏன் இவ்வளவு? உப்பு உள்ள போற நேரம், தூரத்தோட நேரடியா கூடாது, இருமடியா கூடும். கவர் ரெண்டு மடங்கானா உப்பு கம்பியை அடைய சுமார் நாலு மடங்கு காலம் ஆகும். இதையே திருப்பிப் பாருங்க. கட்டும்போது கவனக்குறைவா கவர் பாதியாயிட்டா, உப்பு கால்வாசிக் காலத்துலயே வந்து சேர்ந்துடும்.

இதுக்கு நம்ம நாட்டிலேயே கசப்பான உதாரணம் இருக்கு. கோவாவுல மாண்டோவி ஆத்து மேல 1970-ல் திறந்த பாலம், 1986 ஜூலை 5-ல் இடிஞ்சு விழுந்தது. வயசு 16. கான்கிரீட்டுக்குள்ள இழுத்துக் கட்டியிருந்த எஃகுக் கம்பிகள் அரிச்சுப்போனதுதான் முக்கியக் காரணமா பேசப்பட்டது.

நமக்குப் பக்கத்துல பாம்பன். 1914-ல் திறந்த ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல உழைச்சு, அரிமானத்தால 2022 டிசம்பர்ல ரயில் போக்குவரத்து நின்னது. புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தது. அதுல துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், கடல் காத்தைத் தாங்குற பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தியிருக்காங்க. நூறு வருஷப் பாடம் அந்தப் பூச்சுல இருக்குன்னு சொல்லலாம்.

இரும்பு அரிமானத்தையும் ஆராய்ச்சி பண்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில 1953-லேயே தொடங்கினது. கான்கிரீட் கம்பிக்கான பாதுகாப்புப் பூச்சுகளை அவங்க உருவாக்கியிருக்காங்க. அறிவு நம்ம மாநிலத்துலயே இருக்கு. அந்த அறிவு பாலம் வரைக்கும் போய்ச் சேருதாங்கிறதுதான் கேள்வி.

போட்ஸ்வானாவுல ஒரு உப்பளம்

பாலம் சரி, சாலைக்கு உப்பு என்ன பண்ணும்? இதுக்கு நாம ஆப்பிரிக்கா போகணும்.

போட்ஸ்வானா நாட்டுல சுவா பான்னு ஒரு பெரிய உப்பு நிலம் இருக்கு. உப்பும் சோடாவும் எடுக்கிற இடம். அந்தப் பக்கம் போட்ட சாலைகள்லயும் ஓடுதளத்துலயும் ஒரு விநோதமான பிரச்சினை வந்தது. தார் மேற்பரப்பு அங்கங்க கொப்புளம் மாதிரி எழும்பிச்சு. கொப்புளத்தை உடைச்சுப் பார்த்தா உள்ள வெள்ளைப் பொடி.

நடந்தது இதுதான். அடியில இருக்கிற மண்ணுலயும், சாலை போடும்போது ஊத்தின தண்ணியிலயும் உப்பு இருந்தது. மேல வெயில். மெல்லிசான தார் பூச்சு வழியா ஈரம் ஆவியாகி மேல போக, உப்பு மட்டும் பூச்சுக்குக் கீழ படிகமா தங்கிச்சு. படிகம் வளர வளர தார் பூச்சைத் தூக்கி விட்டுடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. உப்பளப் பாத்தியில வெயில் செய்யற அதே வேலை. உப்பளத்துல அது ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுது. சாலைக்கு அடியில சாலையைத் தின்னுது.

பிரிட்டனோட போக்குவரத்து ஆய்வுக்கூடமும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் இதை ஆராய்ஞ்சாங்க. 2001-ல் போட்ஸ்வானா சாலைத் துறை, உப்புச் சேதத்தைத் தடுக்கிறது எப்படி, சரிபண்றது எப்படின்னு ஒரு தனி வழிகாட்டி வெளியிட்டது. அந்த வழிகாட்டி வரிசைக்கு நார்வே சாலைத் துறையோட உதவியும் இருந்தது. அதோட சாரத்தை நாலு வரியில சொல்லணும்னா:

மண்ணுல எவ்வளவு உப்பு இருக்குன்னு முதல்ல அளந்து பாரு. மண்ணை இறுக்க உப்புத் தண்ணியை ஊத்தாதே. முதல் பூச்சைப் பூசிட்டு நாள்கணக்கா சும்மா விடாதே, சீக்கிரம் மேல்தளத்தைப் போட்டு மூடு. மேல்தளம் ஈரத்தை விடாத மாதிரி கனமா இருக்கட்டும்.

இன்னொரு கண்டுபிடிப்பு ஆச்சரியமா இருக்கும். வண்டி அதிகமா ஓடுற தடத்துல சேதம் குறைவு, ஓடாத ஓரத்துல அதிகம். சக்கரம் ஏறி இறங்கும்போது கொப்புளம் அழுந்திடுது. அப்படின்னா அதிக ஆபத்துல இருக்கிறது எந்தச் சாலை? கனமான தார் போட்ட பெரிய நெடுஞ்சாலை இல்லை. மெல்லிசா தார் போட்ட, வண்டி குறைவா ஓடுற சின்னச் சாலை. உப்பளத்துக்குள்ள வேலைக்குப் போற மாதிரியான சாலைங்கதான்.

சர்வதேசத் தொழில்நுட்ப ஒத்துழைப்புன்னா கோட் சூட் போட்டவங்க கைகுலுக்குற போட்டோதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா நிஜத்துல அது இப்படித்தான் இருக்கும். ஒரு நாடு பட்ட அடியை எழுதி வெச்சா, இன்னொரு நாடு அந்த அடியைத் திரும்பப் படவேண்டியதில்லை.

'ரோடு மோசம்'னா எவ்வளவு மோசம்?

'அந்த ரோடு ரொம்ப மோசம்பா'ன்னு சொல்றோம். எவ்வளவு மோசம்? கிலோவா, லிட்டரா?

1980 வாக்குல உலகம் முழுக்க இதே குழப்பம்தான். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கருவி வெச்சு அளந்தது. பிரேசில் சொல்ற 'மோசம்' இந்தியாவுக்குப் புரியாது. 1982-ல் பல நாட்டுக்காரங்க பிரேசிலியா நகரத்துல கூடி, ஒரே சாலைகளை அவங்கவங்க கருவியால அளந்து பார்த்தாங்க. அதுல பிறந்ததுதான் சர்வதேசச் சொரசொரப்புக் குறியீடு, சுருக்கமா ஐ.ஆர்.ஐ. ஒரு கிலோமீட்டர் போறதுக்குள்ள வண்டியோட சஸ்பென்ஷன் மொத்தம் எத்தனை மீட்டர் மேலும் கீழும் ஆடுதுங்கிற கணக்கு. இன்னைக்கு நம்ம நெடுஞ்சாலை ஒப்பந்தங்கள்லயும் இது இருக்கு.

விலையுயர்ந்த லேசர் வண்டி இல்லாத நாடுகள் என்ன பண்ணும்? பிரிட்டிஷ் ஆய்வுக்கூடம் 'மெர்லின்'னு ஒரு கருவி செஞ்சது. முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ஒரு கால், நடுவுல சாலையைத் தொட்டுப் பார்க்கிற ஒரு முள். ஒரு ஆள் தள்ளிக்கிட்டே போய் அட்டையில புள்ளி வெச்சா போதும். உள்ளூர் பட்டறையிலேயே செஞ்சுடலாம்.

இந்த அளவீடுகளை வெச்சு எந்தச் சாலையை எப்போ சரிபண்ணினா செலவு குறையும்னு கணக்கு போடுற ஒரு மென்பொருள் இருக்கு. பேர் எச்.டி.எம். அதோட அடிப்படைத் தரவு நாலு இடத்திலிருந்து வந்தது: கென்யா, கரீபியன் தீவுகள், பிரேசில், இந்தியா. நம்ம மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 1977-லிருந்து 1982 வரைக்கும் நடத்தின ஆய்வு அதுல ஒண்ணு. இந்த ஒத்துழைப்புல நாம வாங்கினவங்க மட்டும் இல்லை, கொடுத்தவங்களும்கூட. நம்ம ஊர் குண்டுகுழியில நம்ம லாரி குடிச்ச டீசல் கணக்கு உலகத்துக்கே பாடமாச்சு.

அந்தக் கணக்கு என்ன சொல்லுது? 1994-ல் உலக வங்கி வெளியிட்ட உலக வளர்ச்சி அறிக்கையில ஒரு மதிப்பீடு: ஆப்பிரிக்காவுல அதுக்கு முந்தைய பத்து வருஷத்துல நேரத்துக்கு 1,200 கோடி டாலர் பராமரிப்புக்குச் செலவு பண்ணியிருந்தா, 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவு மிச்சமாயிருக்கும். ஒரு ரூபாய் செலவு பண்ணாம விட்டதுக்கு கிட்டத்தட்ட நாலு ரூபாய் தண்டம்.

யாராவது செத்தாத்தான் பார்ப்பாங்களா?

பாலங்களை ஒழுங்கா ஆய்வு செய்யணும்ங்கிற சட்டங்களுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு விபத்து இருக்கு.

அமெரிக்காவுல 1967 டிசம்பர்ல சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் 1971-ல் தேசிய அளவுல பால ஆய்வு விதிகள் வந்தது. ஜப்பான்ல 2012 டிசம்பர்ல சசாகோ சுரங்கப்பாதையோட கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தாங்க. 2014-ல் அங்க விதி மாறிச்சு. எல்லாப் பாலத்தையும் சுரங்கத்தையும் 5 வருஷத்துக்கு ஒருமுறை கிட்டப் போய்க் கண்ணால பார்க்கணும். பைனாகுலர்ல இல்லை, கைக்கு எட்டுற தூரத்துல. இத்தாலியில 2018-ல் ஜெனோவா நகரத்து மொராண்டி பாலம் 43 உயிரைப் பறிச்சது. அதுவும் கடலோர நகரம். அரிச்ச கம்பிகள் கான்கிரீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தது.

நம்ம நாட்டுல 2016 ஆகஸ்ட்ல மகாராஷ்டிரத்துல மகாட் பக்கத்துல சாவித்திரி ஆத்துப் பாலம் வெள்ளத்துல போச்சு. பஸ்ஸுங்க ஆத்தோட போச்சு. அதே வருஷம் அக்டோபர்ல இந்தியப் பால மேலாண்மை அமைப்புன்னு ஒரு தரவுத்தளம் தொடங்கினாங்க. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களை அதுல பதிவு பண்ணினாங்க.

பதிவு ரொம்ப முக்கியம். ஆனா பட்டியல் மட்டும் ஒரு பாலத்தைக் காப்பாத்தாது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். விழுப்புரம் மாவட்டமே மூழ்கிச்சு, மரக்காணம் உப்பளங்களும் தண்ணிக்குள்ள போச்சு. அந்த வெள்ளத்துலதான் திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டு பக்கத்துல தென்பெண்ணை மேல கட்டின புதுப் பாலம் அடிச்சுட்டுப் போச்சு. திறந்து மூணு மாசம்தான். வெள்ளத்துல பாலத்துக்கு முதல் ஆபத்து மேல இல்லை, கீழ. வேகமா போற தண்ணி தூணோட அடிமண்ணை அரிச்சுட்டா எவ்வளவு நல்ல கான்கிரீட்டும் நிக்காது. அதனால வெள்ளம் வடிஞ்சதும் தண்ணிக்கு அடியில பார்க்கிறதும் பராமரிப்புதான்.

கடன் வந்தது, அறிவு தங்கிச்சா?

இனி நம்ம கதை. ஈ.சி.ஆர். 1990-கள்ல ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோட உருவான சாலை. அப்புறம் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் அதை எடுத்து மேம்படுத்தி, 2002-லிருந்து சுங்கக் கட்டணம் வாங்க ஆரம்பிச்சது. சுங்கச்சாவடியைத் திட்டுறோம். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு யோசனை இருந்தது: பராமரிப்புக்கு வருஷா வருஷம் பட்ஜெட்டைக் கையேந்த வேண்டாம், சாலையே சம்பாதிக்கட்டும்.

2003-ல் உலக வங்கி 34.8 கோடி டாலர் கடனோட தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2015-ல் இரண்டாவது கட்டம், 30 கோடி டாலர். இதுல சாலை போடுறது மட்டும் இல்லை, ஒப்பந்த முறையை மாத்துறதும் சேர்த்தி. பழைய முறையில ஒப்பந்தக்காரருக்கு எத்தனை குழி மூடினார்னு பார்த்துக் காசு. அப்போ குழி இருந்தாத்தான் அவருக்கு வருமானம். செயல்திறன் சார்ந்த ஒப்பந்தத்துல, பல வருஷத்துக்குச் சாலை ஒரு தரத்துல இருக்கணும். இருந்தா காசு, இல்லேன்னா பிடித்தம். தமிழ்நாட்டுல இதைப் பொள்ளாச்சி பகுதியில முதல்ல சோதிச்சுப் பார்த்தாங்க.

நல்ல யோசனை. ஆனா அதோட இன்னொரு பக்கத்தையும் சொல்லணும்.

1997-ல் தமிழக அரசு சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை வேலைக்கு எடுத்தது. சாலையோரப் புல் வெட்டுறது, வடிகால் தூர்வாருறது, சின்னக் குழியை அன்னைக்கே மூடுறது இதெல்லாம் அவங்க வேலை. 2002 செப்டம்பர்ல அத்தனை பேரையும் ஒரே உத்தரவுல வீட்டுக்கு அனுப்பினாங்க. 41 மாசம் கழிச்சு, 2006-ல் திரும்ப எடுத்தாங்க. அந்த 41 மாசத்தைப் பணிக்காலமா சேர்க்கணும்னு அவங்க சங்கங்கள் பல வருஷமா போராடுறாங்க.

இதை ஏன் சொல்றேன்? ஒரு சாலையைத் தினமும் நடந்து பார்க்கிற ஆளுக்கு, எந்த மழையில எந்த மதகு அடைக்கும்னு தெரியும். எந்த மென்பொருள்லயும் அது இருக்காது. வெளிநாட்டு நிபுணர் மூணு வருஷம் இருந்து கையேடு எழுதிட்டுப் போவார். கையேட்டைப் படிச்ச பொறியாளர் இடமாற்றம் ஆயிடுவார். கடைசியில சாலையோட இருக்கிறவர் அந்தப் பணியாளர்தான். ஒத்துழைப்பு அவர்கிட்ட போய்ச் சேரலேன்னா, நமக்கு மிஞ்சுறது கடனும் வட்டியும்தான்.

அடுத்த முறை போட்டோ எடுக்கும்போது

இப்போ மாமல்லபுரம்–புதுச்சேரி தடம் தேசிய நெடுஞ்சாலை 332ஏ. நாலு வழியா அகலமாகுது. புதுப் பாலங்கள் வருது. அதுல நாம வேகமா போவோம். ஆனா உப்பு வாருற தொழிலாளி விடியறதுக்கு முன்னாடி அளத்துக்குப் போற சாலை வேற. புயல் வந்தா அவங்க ஊருக்கு ஆம்புலன்ஸும் சோத்துப் பொட்டலமும் வர்ற வழி அதுதான். நமக்கு ஒரு பாலம் மூடினா கூகுள் மேப் வேற வழி காட்டும். அவங்களுக்குப் பல நேரம் வேற வழி இல்லை.

அதனால அடுத்த முறை மரக்காணத்துல வண்டியை நிறுத்தும்போது, போட்டோ எடுத்துட்டு, பக்கத்துல இருக்கிற பாலத்தையும் ஓரமா பாதுகாப்பா நின்னு ஒரு நிமிஷம் பாருங்க. தண்ணி வடியற துளை மண்ணு அடைச்சிருக்கா? இணைப்புல அரசங்கன்னு முளைச்சிருக்கா? அடியில பழுப்புக் கறை ஒழுகியிருக்கா? இந்த மூணுமே பாலம் நம்மகிட்ட சொல்ற விஷயம்.

மாநில நெடுஞ்சாலைத் துறை சாலைன்னா 'நம்ம சாலை' செயலியில படத்தோட புகார் போடலாம். தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்கு அழைக்கலாம். புதுப் பாலம் திறந்தா ரிப்பன் வெட்ட பத்து பேர் வருவாங்க. அடைச்ச துளையைக் குத்தி விட்டதுக்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டாங்க. ஆனா மழைக்காலத்துல பாலம் நிக்கிறதா இல்லையாங்கிறதுல அந்தத் துளைக்கும் பங்கு இருக்கு.

உங்க ஊர்ப் பக்கம் அப்படி ஒரு பாலம் இருந்தா, முதல்ல புகார் போடுங்க. அப்புறம் எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம். பத்திரமா போயிட்டு வாங்க.